காசுக்கட்டியில் கரைந்த மாப்பிள்ளை

ஒரு புத்தகத்தில் பாதியைப் படித்துவிட்டுக் காரியத்தில் இறங்குகிறவனை வீட்டில் சேர்க்கவே கூடாது. எங்கள் வீட்டில் சேர்த்தார்கள். அந்தப் புண்ணியவான் நான்தான்.

அப்போது தெப்ராவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே ஆபீஸ் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. நான் ஜொகூர் பாருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, கழுத்தில் ஒரு பெட்டிக் காமிராவோடு திரிந்தேன். அக்கா கல்யாணத்தில் அத்தான் தாலி கட்டியதைப் படம் பிடித்தவன் நான் ஒருவன்தான். அத்தானின் அம்மா ஊரில் படுத்த படுக்கை. கப்பல் ஏற முடியவில்லை. "என் மகன் தாலி கட்டுறதைப் படத்திலயாவது பார்த்துடறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த வாரக் கப்பலில் ஊருக்குப் போகிற எங்கள் மாமாவிடம் படத்தைக் கொடுத்தாக வேண்டும்.

"சிங்கப்பூர்ல கொடுத்துக் கழுவிக்கலாம்டா" என்றார் அப்பா.

"படம் கழுவறது என்ன பெரிய வித்தையாப்பா? நானே கழுவிடுவேன்!"

(அந்த வாயில் அப்போதே யாராவது ஒரு பிடி சுண்ணாம்பை அப்பியிருக்கலாம்.)

டெவலப்பர் தூள் டப்பாவைத் திறந்தால், ஈரத்தில் கல்லாய் இறுகிக் கிடந்தது. காமிராப் புத்தகத்தைப் புரட்டினேன். படம் கழுவுகிற மருந்தில் ஒன்றை முதன்முதலில் காசுக்கட்டியிலிருந்துதான் எடுத்தார்களாம். கூடவே சலவைச் சோடா சேர வேண்டுமாம். அடடே, காசுக்கட்டியா! (மலாய்க்காரர்கள் காம்பிர் என்பார்களே, அதுதான்.) அம்மாவின் வெற்றிலைப் பெட்டி நிறைய இருக்கிறதே! மற்ற விவரமெல்லாம் அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை யார் படித்தார்கள்?

மத்தியான வெயிலில், சாமான் அறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, அரிக்கேன் விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றினேன். காசுக்கட்டியை இடித்துக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்தேன், சோடாவைப் போட்டேன். ஏதோ கலங்கலாக, சத்தில்லாமல் தெரிந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. சுண்ணாம்பு இல்லாமல் எந்த வெற்றிலை சிவந்திருக்கிறது? பெட்டியிலிருந்த சுண்ணாம்பை வழித்துக் கலக்கினேன். ரத்தமாய்ச் சிவந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சூடு ஆறக்கூடப் பொறுக்காமல் பிலிமை முக்கினேன். வந்தது! ஐயோ, வந்தேவிட்டது! வெள்ளை வேட்டி கறுப்பாக, கறுத்த முடி வெளுப்பாக, அக்கா குனிந்திருக்க, அத்தான் தாலியோடு நிற்கிறார்.

"அக்கா, நீ வந்துட்டே! அத்தானும் வந்துட்டாரு!" என்று கத்தினேன். கதவுக்கு வெளியே வீடே கூடிவிட்டது.

அப்புறம் அத்தான் அசைந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அசைந்தார். முதலில் கை நழுவியது, பிறகு தோள், பிறகு ஆளே பாலாடை மாதிரிச் சுருங்கி, பிலிமை விட்டு வழுக்கித் தட்டுக்குள் இறங்கிவிட்டார். பிடித்து ஒட்டப் பார்த்தேன். மாப்பிள்ளை கொழகொழவென்று என் விரலோடு வந்தார். (சூடும் சுண்ணாம்பும் சேர்ந்தால் பிலிமின் பூச்சே கரைந்துவிடும். இதுவும் அந்த அடுத்த பக்கத்தில்தான் இருந்தது.)

கதவைத் தள்ளிக்கொண்டு எல்லாரும் உள்ளே வந்தார்கள். என் கையில் தொங்கிய பிலிமில் அக்கா மட்டும் தனியே குனிந்து நின்றாள். பக்கத்தில் வெறும் கண்ணாடி போல ஓர் ஓட்டை.

அம்மா மாரில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! தாலி கட்டின மஞ்சள்கூட காயலையே, மாப்பிள்ளையைக் காணாமப் பண்ணிட்டியே!"

அக்கா முகம் வெளுத்துப்போய், பக்கத்தில் உயிரோடு நின்ற அத்தானின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அத்தான் தட்டை எட்டிப் பார்த்து, மலாய்க்காரர் பாணியில் ஐயோ போட்டார். "அலமாக்! இதா நானு?"

மறுநாள் அப்பா சிங்கப்பூரிலிருந்து படக்காரரை வரவழைத்தார். மறுபடி பட்டுப்புடவை, மறுபடி மாலை. ஆனால் கட்டின தாலியைக் கழற்றுவது நடக்கிற காரியமா? அந்தப் பேச்சை எடுத்த படக்காரரை அம்மா அடிக்காத குறைதான். கடைசியில் அத்தான் வெறும் கையை அக்காவின் கழுத்தருகே கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் கப்பலேறியது.

அவர் அம்மா பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுச் சொல்லியனுப்பினார்: "பொண்ணு லட்சணமா இருக்கா. என் மகன் எதுக்கு அவ கழுத்தைப் புடிக்கிறான்?"

இன்று அக்கா, அத்தான் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. இன்னமும் சண்டை வரும். அத்தான் குரலை உயர்த்தினால் போதும், அக்கா அடுக்களையிலிருந்தே என்னைக் கூப்பிடுவாள்.

"தம்பி, சுண்ணாம்பைக் கலக்குடா! இந்த மனுஷனை இன்னொரு வாட்டி கழுவணும்!"