தப்புக்கு ஒரு சபாஷ்

புதுக்கோட்டைச் சீமையிலேயே, பிள்ளைகள் தப்பாகப் பதில் சொன்னால் சந்தோஷப்பட்ட ஒரே வாத்தியாரம்மா எங்கள் சபாஷ் அக்காதான். சீமை என்ன சீமை, ஈரேழு பதினாலு லோகத்திலும் தேடிப் பாருங்கள். இன்னொருத்தி அகப்பட்டால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஜர் எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். சமஸ்தான காலத்தில் நாங்கள் வாத்தியார் வேலைக்குப் படித்த ட்ரெயினிங் ஸ்கூலிலும் சரி, ஹாஸ்டலிலும் சரி, சமையற்காரம்மாள் உட்பட எல்லோருக்கும் அவள் சபாஷ் அக்காதான். மணமேல்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் குப்பத்துக்காரி. கரையில் நின்றபடி கடலில் போகும் தோணியைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். சத்தமாகப் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

நான் அரிமளத்திலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய புதுசு. அங்கே ஒரு விதி இருந்தது. நாங்கள் நடத்திப் பழகுவதற்கென்று பக்கத்திலேயே இருந்த மாடல் ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்கு முன்னால், பாடக் குறிப்பை எழுதி, கூடப் படிக்கிறவள் ஒருத்தியிடம் கொடுக்க வேண்டும். அவள் சிவப்புப் பென்சிலால் குறை குறித்துத் தர வேண்டும். நாங்கள் எங்கே குறை குறித்தோம்? "கையெழுத்து நன்று", "படம் இன்னும் சற்றுப் பெரிதாக இருக்கலாம்" என்று பூசி மெழுகிக் கொடுத்துவிடுவோம். நாளைக்கு நம் குறிப்பு அவள் கைக்கு அல்லவா போகப்போகிறது!

என் முதல் பாடம் பசு. "பசு நமக்கு என்ன தருகிறது?" என்று கேள்வி எழுதி, எதிரே "எதிர்பார்க்கும் விடை: பால்" என்று முத்து முத்தாக எழுதியிருந்தேன். அது சபாஷ் அக்கா கைக்குப் போயிற்று. திரும்பி வந்தபோது "பால்" மேல் ஒரு கோடு. பக்கத்தில் கொட்டை எழுத்தில், "உதை".

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்னக்கா இது, வெளையாட்டா? மூணு தடவ அடிச்சு அடிச்சு எழுதுனதுக்கா!"

"கோவப்படாத தங்கச்சி. பாலுன்னு நீ சொல்லுவ. பிள்ள ஒதைன்னுதான் சொல்லும். கீழ எழுதிருக்கேன் பாரு, ஒதையிலேருந்து பாலுக்கு எப்புடிப் போறதுன்னு."

கீழே இருந்தது இவ்வளவுதான்: "யாரை உதைக்கும்? யாரை உதைக்காது? கன்று முட்டினால் ஏன் உதைக்காது?"

இதெல்லாம் ஒரு குறிப்பா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போனேன். பின் பெஞ்சியில் எங்கள் செட்டு முழுவதும் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தது. பசு நமக்கு என்ன தருகிறது என்று கேட்டேனோ இல்லையோ, முன்வரிசைக் குட்டி ஒன்று துள்ளி எழுந்தது.

"ஒதை குடுக்கும் டீச்சர்! நேத்து எங்க சித்தப்பாவுக்குக் குடுத்துச்சு!"

வகுப்பே சிரித்தது. அப்போது பின்னாலிருந்து வந்தது பாருங்கள் ஒரு "சபாஷ்!" சுவரிலிருந்த பல்லி பொத்தென்று விழுந்தது. நான் எழுதியதெல்லாம் அந்தச் சத்தத்தில் பறந்து போக, சிவப்பில் எழுதியது மட்டும் மனசில் நின்றது. "சித்தப்பாவ ஏன் ஒதைச்சுது?" என்று கேட்டேன். அவ்வளவுதான், பெஞ்சி மேல் ஏறி நின்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். உதையிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து கன்றுக்கு, கன்றிலிருந்து பாலுக்கு என்று பாடம் தானாக ஓடியது. மணி அடித்தும் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்கப்புறம் ஹாஸ்டலில் அக்கா முன்னால்தான் கூட்டம். "அக்கா, என் குறிப்பக் கொஞ்சம் கெடுத்துக் குடுங்கக்கா!" என்று ஆளாளுக்குக் கெஞ்சுவோம். உப்புக் கரைந்தால் எங்கே போகும் என்ற கேள்விக்கு, "தண்ணி குடிச்சிருச்சு" என்று எழுதிக் கொடுப்பாள். மறுநாள் பிள்ளையும் அதையே சொல்லும். சில நாள் எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் சொல்லித் தொலைத்துவிடும். அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்காது.

"ஒரு தப்பு வரல. பாடமா அது? எழவு வீட்டுல ஒக்காந்த மாதிரில்ல இருந்துச்சு!"

"எப்புடிக்கா ஒங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அம்புட்டுத் தப்பையும் சொன்னவளே நாந்தான். சொல்லிச் சொல்லி அடி வாங்குனவ. ஏன் அப்புடிச் சொன்னேன்னு ஒருத்தரும் கேக்கல தங்கச்சி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது.

இந்த சபாஷே அவளுக்கு எமனாகவும் வந்தது. முந்தின வருஷம் பரீட்சைக்கு நடத்திக் காட்டிய பாடத்தில், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கண்ணெதிரில் தப்பான பதிலுக்கு சபாஷ் போட்டு, பெயிலாகி, மறுபடி வந்து உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று பெரிய டீச்சரம்மா சொல்லிவிட்டார். குப்பத்தில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் கட்டிப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த மணலுக்கு வர வேறு எந்த வாத்தியாரும் தயாராக இல்லை. அக்கா பாஸ் பண்ணினால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் பூட்டுத்தான்.

விடுவோமா நாங்கள்? அவளுடைய பரீட்சைப் பாடக் குறிப்பைப் பிடுங்கிக்கொண்டு, எல்லோரும் சிவப்புப் பென்சிலைத் தீட்டினோம். கேள்விக்குக் கேள்வி, "இங்கே வாயைத் திறக்காதே", "இங்கேயும் சபாஷ் கிடையாது" என்று எழுதித் தள்ளினோம். சாயங்காலமானால் ஒத்திகை. நாங்களே பிள்ளைகளாக உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி உளறுவோம். அக்கா வாயில் ஒரு புளியங்கொட்டையை அடக்கிக்கொள்ளச் சொன்னோம். முதல் உளறலுக்கே அதை விழுங்கிவிட்டாள்.

பரீட்சை நாளும் வந்தது. இன்ஸ்பெக்டர் தலைப்பாகையும் கோட்டும் கைத்தடியுமாக வந்து உட்கார்ந்தார். சிரிப்பை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வரும் மனிதர். நாங்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்குப் பரப்பளவுப் பாடம். ஒரு சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இத விட நீளத்துலயும் ரெண்டு மடங்கு, அகலத்துலயும் ரெண்டு மடங்கு, பெருசா ஒரு சிலேட்டு வேணும். அதுக்கு இது மாதிரி எத்தன சிலேட்டச் சேத்து வைக்கணும்?"

நாங்கள் எல்லாவற்றையும் யோசித்தோம், பிள்ளைகளை யோசிக்கவில்லை! தப்பாகச் சொன்னால்தான் அந்த டீச்சரிடம் சபாஷ் கிடைக்கும் என்று அந்த வாண்டுகளுக்குத் தெரியாதா என்ன? தலைப்பாகைக்காரர் முன்னால் ஆளுக்கொரு சபாஷ் வாங்க வேண்டும் என்று துடித்தார்கள்.

"நூறு டீச்சர்!"

"ஒம்பதாயிரம் டீச்சர்!"

"அரைச் சிலேட்டு டீச்சர்!"

போச்சுடா என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அக்காவோ அசையவில்லை.

"ஏண்டா, இது தப்பாடா? இது பொய்யி. தெரியாமச் சொன்னாத்தாண்டா தப்பு. பொய்க்கெல்லாம் இங்க ஒண்ணும் கெடையாது. ஒக்காரு!"

அடி சக்கை என்று எங்களுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் கைத்தடியால் தரையில் ஓங்கித் தட்டினார்.

"என்னம்மா கூத்து இது? ரெண்டு மடங்குன்னா ரெண்டு சிலேட்டு. இந்தச் சின்னக் கணக்குக்கு இவ்வளவு ரகளையா?"

அக்கா முகத்தைப் பார்த்தேன். விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. ஐயோ, வேண்டாம், வேண்டாம் என்று தாவணி நுனியைக் கடித்தேன்.

"சபாஷ்!"

கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தன. அதோடு விட்டாளா? "வாங்க சார், இங்கிட்டு வாங்க! அந்த ரெண்டு சிலேட்டையும் நீங்களே வச்சுக் காட்டுங்க!" என்று அவர் கையில் திணித்தேவிட்டாள். பாடம் சூடு பிடித்துவிட்டால் அவளுக்கு இன்ஸ்பெக்டரும் ஒன்று, இடுப்பில் கால்சட்டை நிற்காத பொடியனும் ஒன்று. அந்தக் குரலுக்கு அவரும் என்ன செய்வார்? கோட்டோடு தரையில் குந்தி, இரண்டு சிலேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நீளம் சரியாப் போச்சு சார். அகலம்?"

அவர் பார்த்தார். தலைப்பாகையை நகர்த்திக்கொண்டு பார்த்தார். ஒரு குட்டி தன் சிலேட்டை நீட்டியது. கீழே வைத்தார். மூலையில் இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது. அடுத்த சிலேட்டை யாரும் நீட்டவில்லை, அவரே பக்கத்துப் பையன் மடியிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, "நாலு!" என்று கத்தினார்.

"சபாஷ்!" என்றது வகுப்பு மொத்தமும்.

அப்போதுதான் அவருக்குத் தான் யார் என்று ஞாபகம் வந்தது. எழுந்தார், கோட்டைத் தட்டினார், விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

"போச்சா தங்கச்சி?" என்று அக்கா ஜன்னல் பக்கம் வந்து கேட்டாள். அந்தக் குரல், ஒரு சாண் தூரத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கைத்தடியை மறந்துவிட்டாராம். எடுக்க வந்தவர் வாசற்படியில் நின்றார்.

"நான் ரெண்டுன்னு சொல்லுவேன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்கன்னு தெரியாது சார். யாராச்சும் சொல்லுவாகன்னு தெரியும். நாலாங் கிளாசுல நானும் ரெண்டுன்னுதான் சொன்னேன். முட்டி போட வச்சாக."

அவர் தரையில் கிடந்த நாலு சிலேட்டையும் பார்த்தார். சிரித்தாரா என்றால் இல்லை. மீசை மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்தது.

"நானெல்லாம் ஒங்ககிட்டப் படிச்சிருக்கணும்மா. போங்க, போயி அந்தப் பள்ளிக்கூடத்தத் தொறங்க."

ஹாஸ்டலில் அன்றைக்கு நாங்கள் போட்ட கூச்சலை எப்படிச் சொல்வேன்! சமையற்காரம்மாள் கேட்காமலேயே பணியாரம் சுட்டார். குப்பத்துப் பள்ளிக்கூடமும் திறந்தது. கடைசி வரைக்கும் அக்கா அந்த மணலிலேயே இருந்து, தோணிக்காரப் பிள்ளைகளுக்கு சபாஷ் போட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தாள்.

சென்ற வாரம் திருச்சியில், புதுக்கோட்டை பஸ் என்று நினைத்து மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர் திட்டிக்கொண்டே கொடும்பாளூரில் இறக்கிவிட்டுப் போனார். வீட்டுக்குப் போனால் மகன் திட்டுவான், மருமகள் சிரிப்பாள். அந்த வெயிலில் ரோட்டோரம் நின்றுகொண்டு, பின் பெஞ்சியிலிருந்து ஒரு சபாஷ் வராதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.