மாமரத்தை வெருட்டப் போன காலை

கோபக்காரனாக நடிப்பதற்கும் ஒரு முகவெட்டு வேண்டும், பிள்ளைகளே. எனக்கு அது அமையவில்லை. நான் சத்தம் போட்டால் எங்கள் வீட்டுப் பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் தேங்காய்க் கத்தியுடன், ஒரு மாமரத்தை வெருட்டப் போனேன்.

நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கிறோம். வீடு சிறியது. ஆனால் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது. கொழும்பில் மண் இருப்பது பெரிய விஷயம். மரக்கறிக் கடைக்காரரே விலையைச் சொல்ல வெட்கப்பட்ட ஒரு காலம் வந்ததல்லவா, அப்போது அந்த மண்ணைப் பார்த்து எனக்கு ஓர் எண்ணம் வந்தது. தோட்டம் போட்டால் என்ன?

நான் காலி வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவன். படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. ஆனால் அளப்பதில் ஆள் விண்ணன். கடையின் அளவு நாடாவைக் கொண்டுவந்து வளவை அளந்தேன். கத்தரிக்கு இவ்வளவு, மிளகாய்க்கு இவ்வளவு, வெண்டிக்கு இவ்வளவு, மூலையில் பப்பாசி, நடுவில் மா என்று, சட்டைத் துணியில் வெட்டுக்கோடு போடுவதைப் போலச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். ஓர் அங்குலமும் வீணாகவில்லை. பார்க்க அவ்வளவு அழகு. ஒரு சங்கதியைத்தான் மறந்துபோனேன். துணி வளராது. செடி வளரும்.

மாங்கன்று என் முழங்கால் உயரத்தில் நின்றபோது கீறிய கோடுகள் அவை. அது கூரையை எட்டியபோது கத்தரிக்கு வெயில் இல்லை. வெண்டி வெயிலைத் தேடி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. பப்பாசி பூத்துக் குலுங்கியது, பிறகுதான் அது ஆண் மரம் என்று தெரிந்தது. போதாததற்குப் பக்கத்துக் காணியில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பு எழும்பியது. மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் விழுவது அதன் நிழல் மட்டும்தான்.

அந்த மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கறுத்தக்கொழும்பான். யாழ்ப்பாணத்து மாம்பழங்களில் அதற்கு மேல் ஒன்றில்லை என்பது எங்கள் ஆட்களின் கட்சி. சுன்னாகத்தில் இருக்கும் என் அக்கா தந்த ஒட்டுக்கன்றை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது காய்ஞ்ச நிலத்து மரம். கொழும்பு மழைக்குச் சரிவராது" என்றார்.

"பேரிலேயே கொழும்பு இருக்கு, ஐயா. பிறகென்ன?" என்றேன். (அப்போது அது பெரிய புத்திசாலித்தனமான பதிலாகத் தெரிந்தது.)

மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. பூக்கவும் பூத்தது. பூத்த கையோடு மழை வந்தது. பூவெல்லாம் நிலத்தில் கிடந்தது. ஒவ்வொரு முறையும் இதே கதை.

வீட்டுச் சொந்தக்காரர் ஒரு ஹாஜியார். நல்ல மனிதர், ஆனால் நிலத்தைச் சும்மா விட மனம் வராதவர். தொடர்மாடிக்காரருக்கு வாகனம் நிறுத்த இடம் போதவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு எங்கள் பின்வளவின் மீது ஒரு கண்.

"மரம் நல்லா ஈக்கி தம்பி, மாங்காதான் இல்ல. இந்த முறயும் காய்க்கல்லண்டா வெட்டிப்போட்டு சிமெண்ட் போடுவம். என்ன சொல்றீங்க?"

அவருடைய வீடு. நான் என்ன சொல்ல? தலையை ஆட்டினேன். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் அபி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் படிப்பது அந்த மரத்தின் கீழ். கோபித்துக்கொண்டு போய் உட்காருவதும் அங்கேதான். பாடசாலையிலிருந்து வந்ததும் போத்தலில் மிஞ்சிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுவாள்.

அந்த முறையும் பூ மழையோடு போனதும் அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"வெருட்டினனியோ?" என்று கேட்டாள்.

"ஆரை?"

"மரத்தைத்தான்! கத்தியைக் கொண்டுபோய் 'காய்க்கிறியோ, வெட்டட்டோ' எண்டு கேக்கோணும். பக்கத்திலை ஒராள் நிண்டு 'வேண்டாம், விடுங்கோ, வாற வருசம் காய்க்கும்' எண்டு மறிக்கோணும். மரம் பயந்துபோய்க் காய்ச்சுக் கொட்டும். சத்தமாக் கேள். மரத்துக்குக் கேக்கோணும்."

மறிக்கும் வேலையை என் மனைவி சுமதியிடம் கொடுத்தேன். அபி நித்திரையால் எழும்புவதற்கு முன் முடித்துவிடுவதாக ஏற்பாடு.

கத்தியை ஓங்கினேன். "காய்க்கிறியோ? வெட்டட்டோ?"

சுமதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுமப்பா!"

"உங்கடை முகத்தைப் பார்க்கச் சிரிப்பு வருது. எனக்கே பயம் வரேல்லை, மரத்துக்கு எங்கையிருந்து வாறது?"

அந்த நேரம் பார்த்துக் குசினியில் குக்கர் விசிலடித்தது. "ஐயோ, பருப்பு! ஒரு நிமிசம் வெட்டாமல் நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

நான் ஓங்கிய கத்தியோடு தனியாக நின்றேன். அப்போதுதான் மேலே பார்த்தேன். தொடர்மாடியின் பல்கனிகளில் உடுப்புக் காயப்போட வந்தவர்கள், தேத்தண்ணியோடு வந்தவர்கள், பல் துலக்க வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெடியன் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

அப்போதாவது கத்தியை இறக்கியிருக்கலாம். இறக்கினால் பைத்தியக்காரன் என்று நினைப்பார்களே என்று, இன்னும் பலமாகக் கத்தினேன். (இறக்காததால்தான் அப்படி நினைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.)

"கடைசியாக் கேக்கிறன்! வெட்டட்டோ?"

"வெட்டுங்க தம்பி, வெட்டுங்க!" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

ஹாஜியார். பக்கத்துக் கதவால் உள்ளே வந்திருந்தார். கூடவே சிமெண்ட் வேலை செய்கிற ஒரு மேசன் பாஸ், கையில் அளவு நாடா. "அத சொல்லத்தான் நானும் வந்தேன். நீங்களே தொடங்கிட்டீங்க, மாஷா அல்லாஹ்!"

"இல்லை ஹாஜியார், நான் வெட்டேல்லை. சும்மா வெருட்டுறன்."

"யார?"

"மரத்தை."

ஹாஜியார் மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேசன் பாஸ் மெதுவாக ஓரடி பின்னால் போனார்.

"சரி தம்பி, வெருட்டினது போதும். இப்ப வெட்டுங்க."

அந்த நேரம் அபி ஓடி வந்தாள். தலை வாரவில்லை, காலில் செருப்பும் இல்லை. அவளுக்கு இந்த வழக்கம் ஒன்றும் தெரியாது. அவள் கண்டதெல்லாம் அப்பாவையும், கத்தியையும், சிமெண்ட் போட வந்தவரையும்தான். வந்த வேகத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதேங்கோ அப்பா! அது என்ன பிழை விட்டது? மழையும் நிழலுமா இருக்கிற இடத்திலை நீங்கள்தானே கொண்டுவந்து வைச்சனீங்கள்!"

கத்தி தானாக இறங்கியது.

மேலே ஒரு சிங்கள அம்மா, "அனே, கப்பன்ன எப்பா!" என்றார். வெட்ட வேண்டாம் என்று. அடுத்த பல்கனியும் சொன்னது. அதற்கடுத்ததும் சொன்னது. கொஞ்ச நேரத்தில் முழுத் தொடர்மாடியும் எங்கள் மாமரத்துக்காகக் கத்தியது. வாகனம் நிறுத்த இடம் கேட்டவர்களும் அதற்குள் இருந்திருப்பார்கள்.

ஹாஜியார் மேலே அண்ணாந்து பார்த்து இரண்டு கையையும் விரித்தார். "நான் எங்க வெட்டச் சொன்னேன்? கத்தியோட நிக்கிறது இவருதானே!"

சரியாக அந்தக் கட்டத்தில் சுமதி அகப்பையோடு வெளியே வந்தாள். நடந்தது எதுவும் தெரியாமல், விட்ட இடத்திலிருந்து தொடங்கி, நல்ல கணீரென்ற குரலில் சொன்னாள்: "வேண்டாம், விடுங்கோ! வாற வருசம் காய்க்கும்!"

பல்கனிகளில் கைதட்டல். ஹாஜியாரும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டார். "சரி, சரி. அடுத்த வருஷம் பார்ப்பம்" என்று சொல்லி மேசன் பாஸைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் அபியும் நானும் தோட்டத்தைப் புதிதாகப் பார்த்தோம். அளவு நாடாவைத் தொடவில்லை. காலை வெயில் எங்கே விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பல நாட்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். மிளகாயையும் கத்தரியையும் கிழக்கு மதிலோரத்துக்கு மாற்றினோம். மரத்தின் கீழே நிழலைத் தாங்கும் வல்லாரையும் பசளிக் கீரையும் போட்டோம். இப்போது வாரத்தில் பாதி நாள் கீரைக்குக் கடைக்குப் போவதில்லை.

மா இன்றுவரை காய்க்கவில்லை. ஆனால் அதை வெட்டவும் முடியாது. ஹாஜியாரைத் தொடர்மாடி வாசலில் யார் கண்டாலும் முதலில் மரத்தைத்தான் விசாரிக்கிறார்கள். மரத்துக்குப் பிணை நின்றவரே தான்தான் என்பதைப் போல அவரும் பதில் சொல்கிறார்.

அக்கா சொன்ன அந்த வழக்கத்தைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கத்தி பிடிக்க யாராலும் முடியும், என்னாலேயே முடிந்தது. பக்கத்தில் நின்று மறிக்கிற ஆள்தான் கஷ்டம். உங்களை யாராவது ஏசும்போது, "விடுங்கோ, வாற வருசம் பார்ப்பம்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால், அந்த ஆளை விட்டுவிடாதீர்கள். அப்படி ஆள் இல்லாத பிள்ளையைக் கண்டால், நீங்கள் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

அபி இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள், என்னை விட உயரம். ஆனாலும் நான் கத்தியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தால் போதும், எங்கே இருந்தாலும் எழும்பி வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள்.

"எங்கை போறீங்கள், அப்பா?"

"தேங்காய் உடைக்க."

"தேங்காயைக் காட்டுங்கோ."

காட்டினால்தான் வழி விடுவாள்.