இரண்டைத் தாண்டாத கணக்கு

விடை பூஜ்யம் புள்ளி மூன்று என்று வந்தது. ஆக்ஸெல் தூய்கெசன் பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி போட்டுப் பார்த்தார். பென்சில் கூரானதே தவிர விடை மாறவில்லை.

மோர்ஸ் தீவின் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர்தான் பால் அளவையாளர். சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய், எந்த மாடு எத்தனை கிலோ கறக்கிறது என்று எடை போட்டு எழுதுவது வேலை. வயது முப்பத்தெட்டு, பிரம்மச்சாரி. மாடுகளிடம் நன்றாகப் பேசுவார். அந்தத் தைரியத்தில் கால்வாசி மனிதர்களிடம் இருந்திருந்தால் சிட்ஸெலிடம் எப்போதோ பேசியிருப்பார்.

சிட்ஸெல் கடலோரத்தில் பாசியை உலர்த்தி மாவாக அரைப்பவள். கணவன் படகோடு கடலில் மூழ்கி ஐந்து வருஷம் ஆகிறது. தீவனத்தோடு அந்த மாவைக் கலந்து கொடுத்தால் மாடு கூடுதலாகக் கறக்கும் என்பது அவள் கட்சி. சங்கம் அதை வாங்க ஒப்புக்கொண்டால் அவள் தீவிலேயே இருப்பாள். இல்லாவிட்டால் அரைவை யந்திரத்தை விற்றுவிட்டு, ஆர்ஹூஸ் நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அதை நினைத்துத்தான் ஆக்ஸெல் பென்சிலை மறுபடி மறுபடி சீவினார்.

சங்கத் தலைவர் எஸ்பெர்ன் குளோஸ்டரின் கொட்டிலில்தான் பரீட்சை. இருபத்துநான்கு சிவப்பு மாடுகள், நடுவில் தீவனப் பாதை, இரு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டாக எதிரும் புதிருமாக நிற்கும். இடது வரிசைக்குப் பாசி மாவு உண்டு, வலது வரிசைக்குக் கிடையாது. ஆறு வாரம் கழித்து இரு வரிசைகளின் சராசரியையும் ஒப்பிட வேண்டும்.

சராசரிகள் வேறுபட்டால் மட்டும் போதாது. அது நிஜமான வித்தியாசமா, அல்லது மாட்டுக்கு மாடு இருக்கிற ஏற்ற இறக்கத்தில் தற்செயலாக வந்ததா என்று சொல்ல டி-சோதனை என்றொரு கணக்கு உண்டு. கோபன்ஹேகனில் ஒரு குளிர்காலம் முழுக்கக் குந்தி அதைக் கற்றுவந்தவர் தீவிலேயே ஆக்ஸெல் ஒருவர்தான். விடை ஏறக்குறைய இரண்டைத் தாண்டினால் வித்தியாசம் நிஜம். தாண்டாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

பூஜ்யம் புள்ளி மூன்று எதையும் தாண்டுகிற ஜாதி இல்லை.

ஆக்ஸெல் பட்டியலை உற்றுப் பார்த்தார். இடது வரிசையில் நொண்டிக்கொண்டிருந்த ஒரு மாடு சராசரியைக் கீழே இழுப்பது தெரிந்தது. நோயாளி மாட்டைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்தார். விடை ஒன்றுக்கு ஏறியது. அன்றைக்கு அவர் சீட்டியடித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தார். மறுநாள் கால்நடை வைத்தியர் வந்து, வலது வரிசையிலும் ஒரு மாட்டுக்கு அதே குளம்பு நோய் என்று சொல்லிவிட்டார். மனச்சாட்சி உள்ள மனிதர் என்ன செய்வார்? அதையும் அடித்தார். விடை பூஜ்யம் புள்ளி ஒன்றுக்கு இறங்கியது.

அடுத்த சந்தேகம் தராசின் மேல். தன்னுடையது பழசு என்று மீன்கடைக்காரரின் தராசைக் கடன் வாங்கிவந்தார். அதன் கொக்கியில் முந்தின நாள் ஹெர்ரிங் மீன் தொங்கியிருந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்றைய பால் அத்தனையையும் பால் நிலையம் திருப்பி அனுப்பியது. எஸ்பெர்ன் கேனைத் திறந்து மோந்து பார்த்து, பாசி தின்ற மாட்டுப் பால் மீன்வாடை அடிக்காமல் மல்லிகையா மணக்கும் என்று கேட்டார். தராசுதான் காரணம் என்று ஆக்ஸெல் விளக்குவதற்குள் செய்தி தீவைச் சுற்றி வந்துவிட்டது.

இனிக் கடைசி வழி, மாவை இரட்டிப்பாக்குவது. சிட்ஸெல் இருந்த மூட்டைகளையெல்லாம் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். தீவனம் போடுகிற லாவ்ரிட்ஸ் அவற்றைச் சுமந்துபோனார். லாவ்ரிட்ஸ் வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிற ஆள். தீவனம் போடும் நேரத்தில் கொட்டிலுக்குள் வேறு யாரையும் விடமாட்டார், மாடு மிரளுமாம்.

"மாவு ஒழுங்காப் போய்ச் சேருதா?" என்று ஆக்ஸெல் கேட்டார்.

"ஒரு பிடி வீணாகல" என்றார் லாவ்ரிட்ஸ். அந்த வாரத்துக்கு அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து எடை போட்டார்கள். இடது வரிசை நன்றாகக் கூடியிருந்தது. ஆக்ஸெலுக்கு மூச்சே நின்றுவிட்டது. பிறகு வலது வரிசையை எடை போட்டார். அதுவும் அதே அளவு கூடியிருந்தது, போதாததற்கு ஒரு கரண்டி அதிகமாகவே. விடை இப்போது பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது.

ஆனால் எஸ்பெர்னுக்கு ஒரே கொண்டாட்டம். பரீட்சை தொடங்கிய அதே வாரத்தில் அவர் கொட்டிலில் ஒரு ரேடியோ மாட்டியிருந்தார்.

"ரெண்டு பக்கமும் ஏறுதுன்னா என்ன அர்த்தம் தம்பி? ரெண்டு பக்கமும் பாட்டுக் கேக்குது. மாடுன்னா உனக்கு ரசனை இல்லைன்னு நெனப்பு."

ரேடியோவை மறுக்க ஆக்ஸெலிடம் ஒரு எண்கூடக் கிடையாது.

சனிக்கிழமை மாலை சங்க மண்டபத்தில் கூட்டம். காப்பியும் ஏழு வகைக் கேக்கும் மேஜையில் இருந்தன. கூட்டம் தொடங்குமுன் ஆக்ஸெல் வாசலில் தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். இரண்டு புள்ளி மூன்று என்று எழுதிவிட்டால் இந்தத் தீவில் கேள்வி கேட்க ஆளில்லை. பேனா மூடியைக் கழற்றினார்.

சிட்ஸெல் பக்கத்தில் வந்து நின்று தாளைப் பார்த்தாள். அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

"என்ன வந்திருக்கோ அதையே படிங்க" என்றாள். "பொய்க் கணக்கு போட்டு என்னை இங்க நிறுத்தினீங்கன்னா, அப்புறம் உங்க மூஞ்சியை எப்படிப் பாக்கறது?"

"நீங்க போறது எனக்குப் பிடிக்கல."

சொல்லியே விட்டார். எப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"இதை ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திங்கட்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு வாங்கியாயிற்று.

ஆக்ஸெல் மேடையேறி உள்ளதை உள்ளபடி வாசித்தார். இரு வரிசைகளுக்கும் வித்தியாசமில்லை என்றார். ஒரு எண்ணையும் விழுங்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சிட்ஸெல் அவருக்காக மட்டும் தலையசைத்தாள். அத்தனை தோல்வியிலும் அந்த மனிதருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு எஸ்பெர்ன் எழுந்தார். போன வருஷம் இதே மாதத்தைவிட இருபத்துநான்கு மாடுகளும் தலைக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் கறப்பதாகவும், தீவின் சரித்திரத்திலேயே இப்படி நடந்ததில்லை என்றும் அறிவித்தார். ஆகையால் பாசி மாவுத் தீர்மானத்தைத் தள்ளிவிட்டு, எல்லாக் கொட்டில்களுக்கும் ரேடியோ வாங்கத் தீர்மானம் போடலாம் என்றார். கைகள் உயரத் தொடங்கின. ஆக்ஸெலும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போது கதவோரத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லாவ்ரிட்ஸ் எழுந்து நின்றார். மண்டபமே திரும்பிப் பார்த்தது, அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்போ நாளைலேர்ந்து மாவு வராதா? ரெண்டு வரிசையும் அதுக்குப் பழகிப்போச்சே."

"ரெண்டு வரிசையா?" ஆக்ஸெல் மெதுவாக எழுந்தார். "இடது வரிசைக்கு மட்டும்தானே போடச் சொன்னோம், லாவ்ரிட்ஸ்?"

"அது எப்படிங்க, எதிர்ல பன்னெண்டு மாடு வாயைப் பாத்துக்கிட்டு நிக்கறப்போ இந்தப் பக்கம் மட்டும் போடறது? முதல் நாள்லேர்ந்தே ரெண்டு பக்கமும் சரிபாதிதான் போடறேன், நம்மது கூட்டுறவுச் சங்கமாச்சே."