கெவலாருக்கு வெளிக்கிட்ட கரவன்

டோர்ட்மண்ட்
ஆவணி 1996

அன்பும் மதிப்பும் உள்ள மைத்துனர் இன்னாசித்தம்பி அவர்களுக்கு,

கெவலார் மாதாவின் தயவால் நாங்கள் மூவரும் சுகம். இம்முறை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோவில் கதவு சாத்தியிருந்தாலும் தயவில் அவர் குறை வைக்கவில்லை. ரொறன்ரோவில் நீங்களும் குடும்பமும் அவ்வாறே சுகமாயிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

மச்சான், நீங்கள் பேசி ஒழுங்குபடுத்திய டுசல்டோர்ஃப் சம்பந்தம் பற்றியே இக்கடிதம். கெவலார் திருவிழாவில் தமிழ்ப் பூசை முடிய, கோவிலுக்கு முன்னாலுள்ள மரத்தடியில் மாப்பிள்ளை பென்ஜமினும் பெற்றோரும் எங்கள் லவினியாவைப் பார்ப்பது என்று பேச்சு. நல்ல ஏற்பாடு. பிடித்தால் பெண் பார்த்ததாயிற்று, பிடிக்காவிட்டால் இரு பகுதியும் மாதாவைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு போகலாம். நாங்கள் வரவில்லை என்று அவர்கள் இதற்குள் உங்களுக்கு அறிவித்திருப்பார்கள். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டு அவர்களைச் சமாதானப்படுத்தி இன்னொரு நாள் வாங்கித் தாருங்கள். பீலிக்ஸ் வாக்குத் தவறினான் என்று நாளைக்கு ஒருவர் சொல்லக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முதற் காரணம் கரவன், காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் அந்தச் சில்லு வைத்த வீடு. திருவிழாவன்று கெவலாரில் அறை எடுக்க ஏலாது, கூடாரத்தில் படுத்தெழும்பினால் பிள்ளையின் பட்டுச்சேலை கசங்கிவிடும் என்றாள் உங்கள் தங்கை புஷ்பமலர். எங்கள் மேல்மாடியில் இருக்கும் கிறேமர் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முதுகுவலியால் எங்கும் போகாமல் தன் கரவனைக் கழுவிக் கழுவி வைத்திருந்தார். அவரே மனமுவந்து தந்து, எங்கள் காரில் கொளுவியும் விட்டார். முன்னுக்குப் போவதைப் பற்றி இரண்டு சொல்லும் பின்னுக்கு எடுப்பதைப் பற்றி ஒரு பிரசங்கமும் சொன்னார். பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் கரவன் இடப்பக்கம் போகுமாம். நான் தலையை ஆட்டினேன். போகப்போவது முன்னுக்கு, பிறகு இந்தப் பாடம் எதற்கு என்பது என் எண்ணம்.

ஒபர்ஹவுசன் வரை தெரிந்த பாதை. வரைபடம் லவினியாவின் மடியில் இருந்தது. கரவனோடு எண்பதுக்கு மேல் ஓடக்கூடாது என்பதால் லொறிக்காரர்களும் எங்களை முந்திக்கொண்டு கை காட்டினார்கள். நானும் கை காட்டினேன். அது வணக்கமில்லை என்று புஷ்பமலர் பிறகுதான் சொன்னாள். அதற்கப்பால் வீதி வேலை நடந்ததால் பாதையைத் திருப்பிவிட்டிருந்தார்கள். மஞ்சள் பலகைகளை நம்பி ஒரு குடியிருப்புக்குள் புகுந்து, அங்கே ஒரு சுற்றுவட்டத்தில், எந்த வழியால் வெளியேறுவது என்று மூவரும் ஒத்துப்போகும் வரை சுற்றினோம். தன் வீட்டு வாசலில் நின்ற ஒரு கிழவர் ஒவ்வொரு சுற்றுக்கும் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார்.

திரும்ப நெடுஞ்சாலையில் ஏறியதும் லவினியா, "அப்பா, எனக்குக் கட்டாயம் ரொய்லெற்றுக்குப் போகவேணும், அடுத்த பார்க்கிங்கிலை நிப்பாட்டுங்கோ" என்றாள். நிறுத்தினேன். அங்கே ஒரு நீல வான், உள்ளே தமிழ் முகங்கள். "அவையும் கெவலாருக்குத்தான் போவினம். பேசாமல் அவைக்குப் பின்னாலை போங்கோவன்" என்றாள் பிள்ளை. வானின் பின்கண்ணாடியில் பிள்ளையார் ஒட்டியிருந்ததால், அவர்கள் சைவக்காரர், நாங்கள் வேதக்காரர் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு நானே சொன்னேன்: "அதுக்கென்ன, மாதாவுக்குச் சைவம் வேதம் எண்ட பேதம் இல்லை. இண்டைக்கு இந்த ரோட்டிலை போற தமிழன் கெவலாருக்குப் போகாமல் வேறை எங்கை போவான்?" வரைபடத்தை மடித்து வைக்கச் சொன்னேன். அவள் அதை ஏற்கெனவே மடித்திருந்தாள்.

நல்ல மனிதர்கள். வேகமாக ஓடக்கூடிய வானை எங்களுக்காகவே என்பதுபோல மெதுவாக ஓட்டினார்கள். நாங்கள் பிந்தினால் ஓரத்தில் நின்று, நாங்கள் வந்ததும் வெளிக்கிட்டார்கள். வழியில் கெவலார் என்று ஒரு பலகை கண்ணில் பட்ட மாதிரி இருந்தது. "அது பழைய பாதை அப்பா" என்றாள் லவினியா. கொஞ்ச நேரத்தில் எதிரே வந்த கார்களின் நம்பர் தகடுகளெல்லாம் மஞ்சளாக இருந்தன. எல்லைக் காவலர் நின்ற கூட்டைப் போன வருடம் மூடிவிட்டார்கள், ஆகவே நாங்கள் கெவலாரைத் தாண்டி ஒல்லாந்துக்குள் வந்துவிட்டோம் என்பதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

மாஸ் ஆற்றங்கரையில் ஒரு ஒடுங்கிய பாதைக்குள் திரும்பி, புல்வெளியோரம் வான் நின்றது. பின்னால் நானும் நின்றேன், வேறு வழியில்லை. இறங்கியவர்கள் அரியரத்தினம், அவர் மனைவி கமலநாயகி, மகன் பிரதீபன். "நாங்களும் வழி தவறிப்போனம் அண்ணை" என்றார் அரியரத்தினம் சிரித்துக்கொண்டு. வழி தவறியவனின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், காலையிலிருந்து கார்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அந்த முகமில்லை. சிலருக்கு மனத்திடம் அதிகம்.

டுசல்டோர்ஃப் ஆட்கள் மரத்தடியில் நிற்க, நாங்கள் ஒல்லாந்தில் தேத்தண்ணி குடித்தோம். கரவன் அடுப்பில் புஷ்பமலர் வைத்துக் கொடுக்க, லவினியா பட்டுச்சேலையோடு தட்டத்தில் ஏந்தி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். மாதாவுக்கென்று சுட்டதாகச் சொன்ன பயத்தம் பணியாரமும் வெளியே வந்தது. கமலநாயகி அம்மா பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, வயது, சமையல், ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி எப்போது முடியும் என்றெல்லாம் அன்பாக விசாரித்தார். பிரதீபனும் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் மின்சார வேலையாம். எது என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். இந்த நாட்டுப் பெடியள் எல்லாரும் அங்கிள் என்கிறார்கள், இவர் மட்டும் என்னை மாமா என்றார். நல்ல வளர்ப்பு.

பிறகுதான் கரவனைப் பின்னுக்கு எடுக்கவேண்டி வந்தது. அரியரத்தினம் இடப்பக்கம் நின்று, மன்னார் பஸ் நிலையத்துக் கண்டக்டர் போலக் கரவனில் தட்டித் தட்டி "வரட்டும், வரட்டும்" என்றார். வலப்பக்கம் நின்று உங்கள் தங்கை "காணும், காணும்" என்றாள். நடுவில் கமலநாயகி அம்மா இரண்டு கைகளையும் ஆட்டினார், அது வா என்பதா போ என்பதா என்று இன்னும் எனக்குத் தெரியாது. நான் மூவரையும் மதித்தேன். கரவனின் ஒரு சில்லு வாய்க்காலுக்குள் இறங்கியது. ஒல்லாந்து மாடுகள் வேலியோரம் வரிசையாக வந்து நின்று பார்த்தன. அப்போது பிரதீபன், "மாமா, நீங்கள் இறங்குங்கோ, நான் எடுக்கிறன்" என்றார். லவினியா மட்டும் பின்னால் நின்றாள். அவள் ஒரு கையை அசைப்பாள், அவர் கண்ணாடியில் பார்ப்பார், கரவன் சொன்ன பேச்சுக் கேட்டு வரும். இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. பழகின ஆட்கள் மாதிரி இருந்தது.

கெவலாரை அடைந்தபோது ஐஸ்கிறீம்காரனும் போய்விட்டான். மரத்தடியில் ஒருவருமில்லை. மச்சான், குற்றம் பாதையில், கரவனில், வழிகாட்டிய வான்காரரில். என்னில் இல்லை என்பதை நீங்கள்தான் பென்ஜமின் பகுதிக்கு எடுத்துச் சொல்லவேண்டும். பெற்ற பிள்ளைக்கு வந்த நல்ல இடம் ஒரு சுற்றுவட்டத்தால் கைவிட்டுப் போனது என்றால் என்னால் தாங்க ஏலாது. புரட்டாதியில் ஒரு நாள் கேளுங்கள். ரயிலில் வருகிறோம்.

அண்ணிக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தங்களும். மாதாவின் காவல் உங்கள் வீட்டு வாசலை விட்டு விலகாதிருப்பதாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்
பீலிக்ஸ்

பி.கு. உறையை ஒட்டமுதல் உங்கள் தங்கை இதை வாங்கி வாசித்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள், இருவருமாக உண்மையைச் சொன்னார்கள். பிரதீபன் வேலை செய்வது லவினியாவின் ஆஸ்பத்திரியிலாம். அந்தப் பார்க்கிங்கில் வான் நின்றதும் ஏற்பாடாம். பள்ளிக்கூடத்தால் கெவலாருக்குப் போய்வந்த பிள்ளைக்கு வழி நன்றாகத் தெரியுமாம். தேத்தண்ணி, பணியாரம், விசாரணை எல்லாம் முறைப்படி நடந்த பெண் பார்த்தலாம். டுசல்டோர்ஃப் ஆட்களிடம் நீங்களே போன மாதம் பேசி விலக்கிவிட்டீர்களாம், அவர்கள் மரத்தடிக்கு வரவேயில்லையாம். மச்சான், எனக்குச் சரியான கோபம் வந்தது. என் மகளின் பெண் பார்த்தலில் நான் ஒருவன்தான் விருந்தாளி.

"அவை சைவமெல்லோ பிள்ளை" என்றேன்.

"மாதாவுக்குச் சைவம் வேதம் எண்ட பேதம் இல்லை எண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்" என்றாள்.

உங்கள் தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது நான்தான். எனக்குப் பின்னுக்கு எடுக்கவும் தெரியாது.