கிணிகிணி அண்ணாச்சியின் நோட்டு

பம்பாய் நகரத்திலேயே நாய்க்கு அஞ்சாமல், நாய் வளர்ப்பவரைக் கண்டால் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்ட ஒரே மனிதர் கிணிகிணி அண்ணாச்சிதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் தாராவியில் குடியிருந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சட்டைப் பையில் ஒரு சின்ன வெண்கல மணி, கக்கத்தில் ஒரு நீள நோட்டு. எங்காவது ராஜபாளையம் நாய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் போதும், செம்பூரானாலும் கிளம்பிவிடுவார். நாயின் முதுகுக்குப் பின்னால் நின்று மணியைக் கிணிகிணி என்று ஆட்டுவார். திரும்பாவிட்டால் செவிடு. அந்த வெள்ளை ஜாதிக்கு அழகோடு செவிடும் கூடவே வரும். யார் நாய்க்கு என்ன குறை, அதன் தாய் எதில் செத்தது என்பதையெல்லாம் ஒளிக்காமல் ஒரே நோட்டில் எழுதிவைத்து, அதைப் பார்த்து ஜோடி சேர்த்தால் ஜாதியே நீண்ட நாள் வாழும் என்பது அவர் கட்சி.

ஆனால் குட்டி விலை போகாதே என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாய் லைசென்ஸ் கேட்க வந்த முனிசிபாலிடி ஆளோ என்ற பயம் வேறு.

"தாய் எதுல செத்துச்சு?"

"வயசாகி."

"என்ன வயசு?"

"மூணு."

"மூணு வயசுல என்ன மூப்பு வே?"

இதனால் அவர் அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆரம்பித்தார். அங்கேதான் வந்தது வினை. மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் அல்லி என்ற ராஜபாளையம் இருந்தாள். கல்யாண வயதில் என் தங்கையும் இருந்தாள். அண்ணாச்சிக்கு நாயெல்லாம் 'புள்ள'தான். நேரே மாடி வீட்டு மாமியிடம் போய், "கீழ்வீட்டுப் புள்ளைக்குக் காது கேக்குமா? தாய் வழியில செவிடு, சொறி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

நோட்டும் கையுமாக வந்த ஆளை மாப்பிள்ளை வீட்டு உளவாளி என்றே மாமி முடிவு கட்டிவிட்டாள்.

"அபாண்டமாப் பேசாதேள்! தங்கமான பொண்ணு. நன்னாப் பாடுவா. வெளியில போனாலும் ஆறு மணிக்குள்ள ஆத்துக்கு வந்துடுவா."

அண்ணாச்சி கடமை தவறாமல் எழுதிக்கொண்டார்: "அல்லி. ஊளை உண்டு. கட்டிப்போட வேண்டாம்."

மாமி மறுநாள் வந்து, "பையன் என்ன உத்தியோகம்?" என்று என் அம்மாவைக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் கவலை வேறு. செம்பூரில் ஒருவரிடம் அருமையான ஆண் நாய் இருந்தது. அண்ணாச்சி சரி என்றால்தான் ஜோடி சேர்ப்பேன் என்று அவர் சொல்லிவிட்டார். நானோ என் மேனேஜருக்குக் குட்டி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அல்லிக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வந்தார். அல்லியின் வலது பக்கம் நின்று, இடது காதைப் பொத்தி, மணியை ஆட்டினார். அதே சமயம் நான் அவள் நின்றிருந்த பலகையில் குதிகாலால் ஒரு தட்டு தட்டினேன். அதிர்வு தெரிந்து அல்லி திரும்பினாள்.

அண்ணாச்சி என் காலையே பார்த்தார்.

"ஓய், அது காதால கேட்டுச்சா, உம்ம காலால கேட்டுச்சா?"

நான் அசடு வழிந்தேன். அவர் திட்டவில்லை. நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து நீட்டினார். அவருடைய சொந்த நாயின் பக்கம். 'ரெண்டு காதும் செவிடு. நான் மறைத்தேன். குட்டி ஏழு. ஐந்து செவிடு.'

"அதுல ஒண்ண லாரி அடிச்சிட்டு. டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தான், பாவம். நான் பின்னால நின்னு கூப்பிடுதேன், கூப்பிடுதேன்..." மணியைப் பைக்குள் போட்டார். "மொதப் பொய்யன் நாந்தான் வே. அதான் ஒருத்தனையும் நம்ப முடியல."

"வலது காது கேக்காது, அண்ணாச்சி," என்றேன்.

எழுதிக்கொண்டார். ஜோடி நடக்கவில்லை. மேனேஜர் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அல்லி பதினோரு வயதில் இறந்தபோது, சொல்லிவிட்டு வரலாம் என்று தாராவிக்குப் போனேன். அண்ணாச்சி தேதியை எழுதிவிட்டு, டீ வாங்கி வர எழுந்து போனார். நோட்டு திறந்தே கிடந்தது. மற்ற நாய்க்காரர்கள் பெயருக்கு நேரே எல்லாம் 'திரும்ப விசாரிக்க' என்று இருந்தது. என் பெயருக்கு நேரே மட்டும், 'இவர் சொன்னால் போதும்.'

டீ வந்தது. நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டேன்.