தோல் எந்தப் பக்கம் போச்சு?

அந்தத் தை மாதம் பாறசாலைச் சந்தையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் சுகம் விசாரிப்பதில்லை. "உமக்குத் தோல் எந்தப் பக்கம் போச்சு?" என்றுதான் கேட்டார்கள். தெற்கே போனவர் நெஞ்சை நிமிர்த்தினார். வடக்கே போனவர் மீசையைத் தடவினார். நடுவில் நின்றுபோனவருக்குத்தான் உறக்கம் இல்லை.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேருமா, மலையாளத்தோடே கிடக்குமா என்று யாருக்கும் தெரியாத காலம் அது. டில்லியிலிருந்து கமிஷன் வந்து எல்லாரையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போயிருந்தது. கொடி, ஊர்வலம், தடியடி எல்லாம் நடந்தன. படித்தவர்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்கள். கனகதாஸுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவன் மற்றவர்களின் முகத்தைச் சொறிந்தான்.

பூவார்ப் பக்கத்தில் பாம்புக்கடிக்கு மந்திரித்துக்கொண்டிருந்தவன் அவன். பாம்புகள் ஒத்துழைக்கவில்லை. காவித் துண்டும் பித்தளைத் தட்டும் சேர்ந்ததும் எல்லைச் சாமி ஆனான். தங்கையனின் எண்ணெய்ச் செக்குக்குப் பக்கத்துக் கொப்பரைக் கொட்டகையில் அமர்ந்து அருள் பாலித்தான்.

"பூமியிலே கோடு விழுததுக்கு முன்னாடி மனுசன் முகத்திலே விழும்" என்றான் சாமி. முகம் வறண்டு வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்தால் அது எல்லை தோஷம். உரிந்த தோலைத் தண்ணீர்த் தட்டில் இட்டால் அது ஓடும். எந்தத் திசைக்கு ஓடுகிறதோ அந்த ராஜ்யம்தான் அந்த ஆளுக்கு விதி: தெற்கே தமிழ்நாடு, வடக்கே மலையாளம்.

ஒரு நிபந்தனை உண்டு. தட்டு பேச வேண்டுமானால் தலையிலும் முகத்திலும் எண்ணெய் படக்கூடாது. எலுமிச்சம் சாற்றில் சாம்பல் குழைத்துக் காலையும் மாலையும் முகத்தில் தேய்க்க வேண்டும்.

பனி உறைந்து கிடக்கும் தேசத்தில், ஓநாய் ஊளையிடும் இரவில் ஒருவன் முகம் வெடித்தால் நம்பலாம். பிறந்த பிள்ளையையே எண்ணெயில் முக்கி எடுக்கும் ஊரில், தென்னை நிழலில் நின்றுகொண்டு ஜனங்கள் முகம் வெடித்தார்கள். எண்ணெயை நிறுத்தினால் தோல் உரிந்தது. தோல் உரிந்தால் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரம், எண்ணெயை நிறுத்துவது. இந்த வட்டத்துக்குள் காஞ்சிரங்குளம் வரை எத்தனை ஊர் சுற்றியது என்கிறீர்கள்!

காணிக்கை தேங்காய். காசைச் சாமி தொடமாட்டான், துறவி அல்லவா! ஊரார் முகத்துக்குக் கிடைக்காத எண்ணெயெல்லாம் தங்கையனின் செக்கில் வடிந்து வண்டி ஏறிப் போயிற்று. மிஷன் சபை உபதேசியார் ஈசாக் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சாமியைச் சாத்தானின் ஏஜென்ட் என்றார். திங்கட்கிழமை விடியற்காலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்.

தையல்காரன் தேவகுமாரும் அவன் மனைவி கிருபாபாயும் போனது அடுத்த நாள். தேவகுமார் தமிழ்க் கட்சிக்காரன். ஊர்வலக் கொடியெல்லாம் அவன் தைத்ததுதான். இப்போது ஒவ்வொரு கொடியிலும் அவன் முகத்துச் செதில் உதிர்ந்து கிடந்தது. கிருபாபாய்க்குப் போக இஷ்டமில்லை. புருஷனின் நச்சரிப்புக்காக அவளும் எண்ணெயை நிறுத்தியிருந்தாள். சிரித்தால் கன்னம் எரிந்தது. ஆகவே சிரிப்பையும் நிறுத்தியிருந்தாள்.

தங்கையன் தட்டைப் புளி போட்டுத் துலக்கிப் புதுத் தண்ணீர் ஊற்றினான். ஆளுக்கு ஆள் புதுத் தண்ணீர். சாமி தேவகுமாரின் கன்னத்தைச் சிப்பி ஓட்டால் சுரண்டித் தண்ணீரில் தூவினான். கண்ணை மூடினான். சடைமுடியை விரலால் மூன்று சுற்றுத் தடவினான். பிறகு அந்த விரலால் தண்ணீரின் வடக்கு ஓரத்தைத் தொட்டான்.

செதில்கள் அடிபட்ட கோழிக்குஞ்சுகள் மாதிரித் தெற்கே பாய்ந்தன.

"மெட்ராசு!" என்று கூட்டம் கத்தியது. தேவகுமாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிருபாபாயின் முறை வந்தது. புதுத் தண்ணீர், சிப்பி, சடை, விரல். இந்தத் தடவை விரல் தொட்டது தெற்கு ஓரத்தை. அவள் தோல் வடக்கே ஓடியது.

"மலையாளம்" என்றான் சாமி வருத்தமாக. "மக்கா தேவகுமாரே, ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு ராஜ்யம் கிடக்கப்பிடாது. கோடு உங்க கட்டிலுக்கு நடுவிலேயாக்கும் விழும்."

"ஐயோ சாமி, பின்னே என்ன செய்யியது?"

"இவ அமரவிளையிலே அம்மை வீட்டிலே போய் இருக்கட்டும். சேர்த்து வைக்க ஒரு சடங்கு உண்டு. உன் பறம்பிலே நிக்கிய தென்னை எல்லாத்தையும் ஒரு வருசத்துக்கு நமக்கு விட்டுத் தரணும். வாற சனிக்கிழமை முகூர்த்தம்."

வீட்டுக்கு வந்ததும் கிருபாபாய் சொன்னாள். "கட்டிலு நமக்கு. கோடு போட அவன் ஆரு?"

"நீ மலையாளமாக்கும். உனக்கு இது மனசிலாவாது" என்று அழுதுகொண்டே அவள் பெட்டியைக் கட்டினான் தேவகுமார். "சனிக்கிழமை தென்னையைக் கொடுத்து உன்னைத் திருப்பி வாங்குவேன் கிருபா!"

"நான் என்ன அடகு வச்ச குத்துவிளக்கா?" என்றாள் அவள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அமரவிளைக்குப் போய்விட்டாள்.

அம்மை ராஜபாய் மகள் முகத்தைப் பார்த்து அலறினாள். "எக்கி, இது முகமா, சுண்ணாம்பு உதிருத சுவரா?" காரணம் கேட்கவில்லை. தேங்காயெண்ணெயை லேசாகச் சூடாக்கி மகளின் தலை, முகம், கழுத்தெல்லாம் தேய்த்தாள். ஊறியபின் பயற்றுமாவால் கழுவினாள். ஈரம் உலருமுன் இன்னும் ஒரு சொட்டு எண்ணெயைத் தடவினாள். மந்திரம் எதுவும் சொல்லவில்லை; திட்டினாள் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் கன்னம் எரிவது நின்று, முகம் பழையபடி ஆயிற்று.

அன்று மாலை எண்ணெய் தேய்த்த கையோடு கிருபாபாய் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். சட்டியில் தண்ணீர், மேலே தவிடு மிதந்தது. தூசி விழுந்திருக்கிறதே என்று எடுக்க ஓரத்தில் விரலை வைத்தாள்.

தவிடு எதிர்ப்பக்கம் பாய்ந்தது.

கையைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். வேறு சட்டியில் தண்ணீரும் தவிடும் போட்டுத் தொட்டாள். தவிடு அசையவில்லை. விரலைத் தலைமுடியில் தடவிவிட்டுத் தொட்டாள். பாய்ந்தது.

"அம்மே, நம்ம தவிடு மெட்ராசுக்குப் போவுது" என்றாள் கிருபாபாய். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். கன்னம் எரியவில்லை.

சனிக்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. தேவகுமார் குளித்துவிட்டு, உரிந்த முகத்தோடு தென்னையைக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தான். மேல்முண்டால் முகத்தை மூடிய ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு வாழையிலைப் பொதியை நீட்டினாள். வர முடியாத நோயாளிகளின் தோலைப் பொதிந்து அனுப்பலாம் என்று சாமி முன்பே சலுகை கொடுத்திருந்தான்.

"அமரவிளையிலே, வீட்டிலே சுகமில்லாத ஆளு சாமி. எழும்பி வர வழியில்ல."

சாமி தூவினான். சடையைத் தடவினான். தொட்டான். பொதியில் இருந்தது வடக்கே ஓடியது.

"மலையாளம்! ஆள் அமரவிளை அல்லவா?"

"அமரவிளைதான் சாமி. மாட்டுத் தொழுத்திலே நிக்குது. அதுக்கு வச்ச தவிடாக்கும் இது." கிருபாபாய் முண்டை விலக்கினாள்.

கனகதாஸ் சளைக்கவில்லை. "அந்த நெல்லு வடக்கே விளைஞ்சது. தட்டு சத்தியம் சொல்லுது!" என்றான். கூட்டத்தில் பாதி கைகூப்பியது. அதுதானே கூட்டம்!

"சரி சாமி. இன்னொருக்கா சொல்லட்டும். புதுத் தண்ணி ஊத்துங்க தங்கையண்ணே. சாமி கையை மட்டும் எலுமிச்சையும் சாம்பலும் போட்டுக் கழுவட்டும். ஊருக்கெல்லாம் நீங்க விதிச்ச மருந்துதானே? சடையைத் தொடப்பிடாது."

"தெய்வத்தைச் சோதிக்கியா நீ?"

"தெய்வத்தை இல்ல. விரலை."

"கழுவும் வேய்!" என்று ஒரு குரல் வந்தது. உபதேசியார் ஈசாக்கின் குரல்தான். முகம் துண்டுக்குள் இருந்ததால் துணிச்சல் வந்துவிட்டது. பத்துப் பேர் சேர்ந்து கத்தினார்கள். சாமி கழுவினான். தூவினான். தொட்டான்.

தவிடு மிதந்தது. வடக்கும் போகவில்லை, தெற்கும் போகவில்லை. சாமி தட்டைச் சுற்றித் தொட்டான். ஊதக்கூடப் பார்த்தான், கிருபாபாய் கையால் மறித்தாள். பிறகு அவன் சடையை அவள் தொட்டுத் தண்ணீரில் விரல் வைத்தாள். தவிடு பறந்தது. விரலைப் புருஷனின் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

தேவகுமார் மோந்தான். "நம்ம தேங்காயெண்ணெயாக்கும்!"

பிறகு நடந்தது சொல்லத் தேவையில்லை. தங்கையன் செக்குக்குப் பின்னால் ஒளிந்தான். காவித் துண்டு மட்டும் கொட்டகையில் மிஞ்சியது. கனகதாஸ் தெற்கே ஓடினானா, வடக்கே ஓடினானா என்பதில் ஊருக்குள் இன்னும் அபிப்பிராய பேதம் உண்டு.

தேவகுமார் தலை கவிழ்ந்து மனைவி பக்கத்தில் வந்து நின்றான். "வீட்டுக்கு வாறியா கிருபா?"

"தென்னை நிக்குதா?"

"நிக்குது."

"அப்போ வாறேன். முதல்ல உங்க முகத்திலே எண்ணெய் தேய்க்கணும். பாக்கச் சகிக்கல."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். கூட்டம் விடவில்லை. மோகனன் என்ற பெரியவர் ஒருவர் உரிந்த கன்னத்தைக் காட்டிக்கொண்டு, அவள் காலடியில் பவ்யமாக ஒரு தேங்காயை வைத்தார்.

"மோளே, அவன் கள்ளன். சம்மதிச்சாச்சு. நீ தொட்டுச் சொல்லு. என் தோலு எந்த ஸ்டேட்டுக்குப் போவும்?"

அவருக்குப் பின்னால் வரிசை உருவாகிக்கொண்டிருந்தது. துண்டுக்குள் உபதேசியாரும் நின்றார்.

கிருபாபாய் தட்டைத் தூக்கித் தண்ணீரை வெளியே கொட்டினாள். தேங்காயை எடுத்துப் பெரியவரின் கையில் திணித்தாள்.

"இதைக் கொண்டு போய் ஆட்டி முகத்திலே தேயும், மாமா. நாலு நாளிலே சரியாவும். பின்னே, தலைக்குள்ளே ஒண்ணு கிடக்குதே, அதையும் இடைக்கிடைக்கு வெளியே எடும். அதுக்கு எண்ணெய் ஒண்ணும் வேண்டாம், வேலை கொடுத்தா போதும்."