முறுக்கினால் முறியும்

முதலுதவி தெரியாதவர்களைக்கூட நம்பலாம். முதலுதவிப் பயிற்சி முடித்து ஒரு வாரமே ஆனவர்களை நம்பவே கூடாது. அந்த ஒரு வாரத்தில் நானும் இருந்தேன் என்பதால் சொல்கிறேன்.

ஏர்பேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த புதிது. திருப்பதியில் இரண்டு நாள் பயிற்சி. ரத்தம் நிற்காமல் பெருகினால் கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டை ஒன்றைக் காட்டினார்கள். அதிலிருக்கும் குச்சியை முறுக்க முறுக்க, பட்டை இறுகி ரத்தம் நிற்கும். "டூப்ளிகேட் நிறைய சுத்துது, பாத்து வாங்குங்க" என்று பயிற்சியாளர் சொன்னபோது நான் செல்போனில் ஒன்றை ஆர்டர் செய்துகொண்டிருந்தேன். (டூப்ளிகேட்டைத்தான்.) படத்தில் அச்சு அசலாக இருந்தது. கூடவே ஒரு விசில் இலவசம்!

அது வந்ததும், புத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சிவப்புப் பையில் போட்டு மாட்டினேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்குக்கூட விளக்கம் சொன்னேன்.

"இன்னாம்மா, நம்ம வூட்ல யுத்தமா நடக்கப் போவுது?" என்றார் நைனா, என் அப்பா.

அடுத்த ஞாயிறு காலை மாந்தோப்பில் களை வெட்டிக்கொண்டிருந்த நைனாவின் கெண்டைக்காலில் மிஷின் பிளேடு பாய்ந்துவிட்டது. அம்மாவின் அலறல் கேட்டுப் பையோடு ஓடினேன். மண்ணெல்லாம் ரத்தம். பட்டையை மாட்டினேன். ஒரு முறுக்கு. இரண்டு முறுக்கு. மூன்றாவதில் 'படக்'. குச்சி முறிந்து பாதி என் நெற்றியில் வந்து அடித்தது.

"ஆ!" என்று கத்தியது நான்தான்.

"அடி எனக்காம்மா, உனக்கா?" என்றார் நைனா, பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் மிச்சக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். (செய்முறை ஏதாவது எழுதியிருக்குமோ என்று.) அம்மா என்னை ஒரே தள்ளாகத் தள்ளினாள். தன் தோளில் கிடந்த துண்டை மடித்துக் காயத்தில் வைத்து, இரண்டு கையாலும் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? போன் பண்ணு!"

பயிற்சியின் முதல் மணி நேரத்தில் சொன்னதும் அதுதான்: முதலில் அழுத்து. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் சாலை முனையில் தடுமாறியது. விசிலை எடுத்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. கடைசியில் கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன்.

ஆம்புலன்ஸில் வந்தவர் தன் பட்டையைக் கட்டி முறுக்கினார். ரத்தம் நின்றது. கீழே கிடந்த என் பட்டையைக் காலால் புரட்டினார்.

"இதி எக்கட கொன்னாரு?" எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்.

"ஆன்லைன்ல."

"மீரு ஏம் ஜாப் சேஸ்துன்னாரு மேடம்?" என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார்.

என் வாழ்க்கையிலேயே மிக மெல்லிய குரலில் பதில் சொன்னேன்: "சேஃப்டி ஆபீசர்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடியும்வரை யார் முகத்தையும் பார்க்காமல் அழுதேன். அம்மா கை எடுக்காமல் அழுத்தியதால்தான் பிழைத்தார் என்றார் டாக்டர். மறுநாளே தொழிற்சாலையின் முதலுதவிப் பெட்டிகளையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு குச்சியையும் முறுக்கிப் பார்த்தேன். இன்றும் புதிதாக எது வந்தாலும், எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

நைனா இப்போது நன்றாக நடக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் எங்களை அவர்தான் அறிமுகம் செய்வார்.

"இவ எம் பொண்ணு, சேஃப்டி ஆபீசரு. அதோ, அவ எம் பொண்டாட்டி. சேஃப்டி!"